தோள்வரை தண்ணீர், நிதான மூச்சு: கொழும்பில் இரண்டு நாள் ஐச்சிப் பயிற்சி எப்படி?

தோள்வரை தண்ணீரில் நின்றபடி, மூச்சு போகிற வேகத்துக்கே கையையும் இடுப்பையும் காலையும் அசைக்கும் முறைக்கு ஐச்சி என்று பெயர். ஜப்பானைச் சேர்ந்த ஜுன் கொன்னோ 1990களின் தொடக்கத்தில் வகுத்தது. முதலில் 16 அசைவுகள். பிறகு மூன்று சேர்ந்து இப்போது 19. இதைக் கற்பிப்பவர்களை உருவாக்கும் இரண்டு நாள் பயிற்சி ஒன்று கொழும்பில், காலி வீதிக்கு எட்டும் தூரத்தில் உள்ள திறந்தவெளித் தடாகத்தில் நடந்தது. இயன்மருத்துவர்கள், யோகா ஆசிரியர்கள், நீச்சல் பயிற்றுநர்கள் என்று பன்னிரண்டு பேர். நிறைகுறை இரண்டையும் சொல்ல வேண்டியிருப்பதால் நடத்துநரின் பெயரை விட்டுவிடுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மூச்சைக் கற்பித்த விதத்துக்காகவே இந்தப் பயிற்சிக்குப் போகலாம். தண்ணீரின் சூடு போதவில்லை. விழுந்தவரை எழுப்பும் பாடத்தை ஓட்டமாக முடித்தார்கள். தமிழில் ஒரு வரிகூட எழுதித் தரவில்லை.

மூச்சுப் பாடம் ஏன் சிறப்பு? "மென்மையான பயிற்சி" என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, இதில் உடலுக்கு வேலையே இல்லை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். கழுத்துவரை தண்ணீரில் நிற்கும்போது மூச்சுத் தசைகள் செய்யும் வேலை ஏறக்குறைய 60 வீதம் கூடுகிறது. தண்ணீர் நெஞ்சுக்கூட்டையும் வயிற்றையும் வெளியிலிருந்து அழுத்துகிறது. கால்களில் தேங்கிய இரத்தம் மேலேறி நெஞ்சுக்குள் 700 மில்லிலீற்றர் அளவுக்குக் கூடுகிறது. உதரவிதானம் மேலே தள்ளப்படுகிறது. உள்ளிழுப்பது கடினமாகிறது, வெளிவிடுவது எளிதாகிறது. தரையில் மட்டுமே பழகிய நெஞ்சுக்கு இது புதிது.

இதை விரிவுரையாகச் சொல்லி முடிக்காமல் ஒரு சின்னச் சோதனையாகச் செய்து காட்டினார்கள். தடாகக் கரையில் நின்று, முழு மூச்சை உள்ளே எடுத்து, ஒரே வெளிமூச்சில் சத்தமாக ஒன்று இரண்டு என்று எண்ணச் சொன்னார்கள். பிறகு கழுத்துவரை இறங்கி அதையே மறுபடி. எல்லாருக்கும் எண்ணிக்கை குறைந்தது. நுரையீரலின் உயிர்க்கொள்ளளவு, அதாவது முழு மூச்சை இழுத்தபின் வெளிவிடக்கூடிய காற்றின் அளவு, கழுத்தளவு நீரில் 6 முதல் 10 வீதம் வரை குறைவதால் அப்படித்தான் ஆகும். ஆஸ்துமா உள்ள ஒருவர் முதல் நாள் வகுப்பில் "மூச்சு முட்டுது" என்றால் அது பயமாக மட்டும் இருக்கத் தேவையில்லை என்பது இந்த ஒரு சோதனையில் கற்பிப்பவர் மனதில் பதிந்துவிடுகிறது. அப்படிப்பட்டவரை ஆழத்திலிருந்து விலக்கி, முதல் வாரம் நெஞ்சளவில் நிறுத்தி, பிறகு மெல்ல இறக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள்.

அடுத்தது உள்ளங்கை. மூக்கால் உள்ளிழுக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கும், வாயால் விடும்போது கீழே பார்க்கும். இதை அழகுக்கான அடையாளம் போலச் சொல்லிவிட்டுப் போகும் காணொளிகள் நிறைய. உள்ளங்கை மேலே திரும்பும்போது மேற்கை வெளிப்பக்கம் சுழல்கிறது, தோள்பட்டை பின்னே போகிறது, விலா விரிய இடம் கிடைக்கிறது. உள்ளங்கை கவிழும்போது எல்லாம் திரும்பி அடங்குகிறது. அதனால் உள்ளங்கையை மாற்றிவைத்தால் மூச்சும் கையும் ஒன்றையொன்று எதிர்க்கும். பயிற்சி செய்தவர் கழுத்துப் பிடித்துக்கொண்டு வீடு போவார். பயிற்றுநர் வேண்டுமென்றே தலைகீழாக ஐந்து மூச்சுச் செய்ய வைத்து அந்த இறுக்கத்தை உணர வைத்தார். நல்ல முறை.

யோகா பின்னணியில் இருந்து வந்தவர்கள் தடுமாறிய இடமும் இதுதான். பிராணாயாமத்தில் கும்பகம் பழகியவருக்கு உள்ளிழுத்த மூச்சை ஒரு கணம் நிறுத்துவது கைவந்த பழக்கம். ஐச்சியில் நிறுத்தம் கிடையாது. தண்ணீரில் மூச்சை நிறுத்தினால் நெஞ்சு மிதவையாகி உடலை மேலே தூக்கும், குதிகால் தரையை விடும், அடுத்த அசைவில் நிலை தவறும். இரத்த அழுத்தம் உள்ளவருக்கு மூச்சடக்கி முக்குவது எப்படியும் ஆகாது. முழு இரண்டு நாளும் இந்தத் திருத்தத்தை விடாமல் செய்தார்கள்.

இப்போது தண்ணீர். ஐச்சிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வெப்பநிலை 31 முதல் 35 பாகை செல்சியஸ். உடல் அசையாமல் நின்றாலும் குளிரோ சூடோ தெரியாத நிலை 34 பாகையை ஒட்டி இருக்கிறது. தடாகத்தில் முதல் நாள் காலை வெப்பமானி காட்டியது 28.5; பிற்பகலில் 30. கொழும்பின் வெயிலில் இது வெதுவெதுப்பாகத்தான் தோன்றும், நீந்துபவருக்குச் சரியாகவும் இருக்கும். ஆனால் நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடற்சூட்டை உறிஞ்சுகிறது. மெல்ல அசைபவர் அதிகம் சூட்டை உண்டாக்குவதில்லை. இருபதாவது நிமிடத்தில் தோள்கள் காதை நோக்கி ஏறுகின்றன, கை மயிர் சிலிர்க்கிறது, மூச்சு குட்டையாகிறது. மூச்சை நீட்டக் கற்பிக்கும் வகுப்பில் குளிரே மூச்சைச் சுருக்கிவிடுகிறது. வாத நோய், நாரி வலி உள்ளவர்களுக்கு இது நேரடியாகக் கெடுதல்.

அவர்கள் செய்த பரிகாரம் பாராட்டத்தக்கது. முதல் ஐந்து நிமிடம் கையை வீசி விறுவிறு நடை. பிறகு கை அசைவுகள். மறுபடி இரண்டு நிமிடம் பக்கவாட்டு நடை. பிறகு இடுப்பைத் திருப்பும் அசைவுகள். மொத்தம் 30 நிமிடத்துக்கு மேல் நீரில் நிறுத்தவில்லை. காலை வகுப்பைப் பத்தரைக்குத் தள்ளினார்கள். சூடாக்கிய தடாகம் வாடகைக்குக் கிடைப்பது கடினமான ஊரில் இப்படித்தான் செய்ய முடியும். ஆனாலும் விளம்பரத்தில் "வெந்நீர்ச் சிகிச்சை" என்று போட்டது சரியில்லை. பதிவு செய்யும் முன் பாகைக் கணக்கைக் கேளுங்கள். "நல்லாச் சூடா இருக்கும்" என்ற பதிலை ஏற்க வேண்டாம்.

ஆழத்திலும் ஒரு சிக்கல். தோள் நீருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆள் உயரத்தில் ஏறக்குறைய 82 வீதம் தோள் உயரம். ஏறக்குறைய ஐந்தடி, 150 சென்றிமீற்றர் உயரமுள்ள பெண்ணுக்கு 1.2 மீற்றர் ஆழம் கச்சிதம். 175 சென்றிமீற்றர் ஆண் அதே இடத்தில் தோளை மூழ்கடிக்க வேண்டுமானால் பாதி குந்தியபடி அரை மணி நேரம் நிற்க வேண்டும், தொடை நடுங்கிவிடும். அவரை ஆழப் பக்கம் அனுப்பினால் சரிவான தரையில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. உயரப்படி வரிசை கட்டி, சரிவுக்குக் குறுக்கே எல்லாரையும் ஒரே பக்கம் பார்க்க நிறுத்தியது இரண்டாம் நாள்தான் நடந்தது. முதல் நாளே செய்திருக்கலாம். ஆழம் கூடினால் அது ஆபத்து: கழுத்தளவில் உடலின் பாரத்தில் பத்திலொரு பங்குதான் காலில் இறங்குகிறது, இடுப்பளவில் பாதி. பாரம் குறைந்த கால் தரையில் பிடி கொள்ளாது. நுனிக்காலில் நிற்பவரைக் கண்டால் உடனே ஓரடி கரைப்பக்கம் கொண்டுவர வேண்டும்.

அசைவுகளுக்கு வருவோம். முதல் ஐந்தும் கால் அகட்டி, முழங்கால் இளக்கி, இரு கையும் ஒன்றுபோல் அசைபவை. ஆறாவதில் ஒரு கை நின்று மறு கை அதைத் தேடிப் போகிறது. அடுத்த இரண்டில் முதுகு திரும்புகிறது, பாதமும் கூடத் திரும்புகிறது. பிறகு பாரத்தைப் பக்கவாட்டிலும் முன்பின்னும் மாற்றுவது. அதற்கும் பிறகு ஒரு காலில் நிற்பது. இந்த ஏணியைப் படிபடியாக ஏற வேண்டும். எல்லாவற்றையும் இரண்டு நாளில் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் பயிற்சியில் தெரிந்தது. வகுப்பு நடத்தத் தொடங்குபவருக்கு முதல் எட்டு அசைவுகளே இரண்டு மாதத்துக்குப் போதும்.

அடிக்கடி நடக்கும் பிழைகளை நன்றாகப் பிடித்தார்கள். கை நீருக்கு மேலே வந்துவிடுவது முதலாவது. மேலே வந்த கையை நீர் தாங்காது, தோள்தான் தூக்கிப் பிடிக்க வேண்டும். காற்றுப் பட்டுக் குளிரவும் செய்யும். வேகம் இரண்டாவது. நீரில் வேகத்தை இரு மடங்காக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அவசரப்படுபவர் தோளில் நோவு வாங்குகிறார். அவர் கிளப்பும் அலை பக்கத்தில் ஒற்றைக் காலில் நிற்பவரைத் தள்ளுகிறது. ஆட்களுக்கிடையே கை நீட்டினால் முட்டாத தூரம் போதாது, அதற்கும் ஒரு முழம் கூட வேண்டும். மூன்றாவது, குனிந்து காலைப் பார்ப்பது. நீருக்குள் கால் இருக்கும் இடத்தில் தெரியாது, பார்த்துப் பயனும் இல்லை; தலை முன்னே சாய்ந்தால் பிட்டம் பின்னே மிதக்கும். எதிர்க்கரையில் கண்மட்டத்தில் ஒரு கம்பத்தையோ தென்னையையோ பார்க்கச் சொல்வதே மருந்து.

பயிற்றுநர் கரையில் நின்று காட்டும்போது நேரும் ஒரு பிழையை அவர்களே செய்தார்கள். தரையில் கை விழும் வேகம் வேறு, நீரில் இறங்கும் வேகம் வேறு. கரையில் நிற்பவர் தன்னையறியாமல் விரைகிறார், நீரில் நிற்பவர்கள் அவரைப் பிடிக்க மூச்சை வெட்டுகிறார்கள். உதவியாளர் நீருக்குள் இறங்கி நின்றதும் இது சரியாயிற்று. ஒருவர் கரையில், ஒருவர் நீரில் என்ற ஒழுங்கில்லாமல் முதியோர் வகுப்பை நடத்தவே கூடாது என்பது எமது உறுதியான எண்ணம்.

பெரிய குறை பாதுகாப்பில். நீந்தத் தெரியாதவர் பின்பக்கம் சாய்ந்து மிதந்துவிட்டால் எப்படி எழுவது? 1949இல் இலண்டனில் ஜேம்ஸ் மக்மில்லன் தொடங்கிய ஹலிவிக் முறையில் இதற்குத் தெளிவான பாடம் இருக்கிறது. நாடியை நெஞ்சோடு சேர்க்க வேண்டும். முழங்கால்களை வயிற்றை நோக்கி மடிக்க வேண்டும். இரு கையையும் முன்னே நீட்ட வேண்டும், எட்டி ஒன்றைப் பிடிப்பதுபோல. அதே நேரம் வாயால் ஊத வேண்டும். உடல் தானாகவே நிமிர்ந்து பாதம் கீழே வரும். வந்த பிறகுதான் காலை நீட்ட வேண்டும். பயத்தில் தலையைப் பின்னே எறிவதும் காலை விறைப்பதும்தான் எல்லாரும் செய்வது, இரண்டும் ஆளை மேலும் மூழ்கடிக்கும். இதற்குப் பயிற்சியில் கிடைத்தது பதினைந்து நிமிடம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாளைக்கு வகுப்புத் தொடங்கினால் வரப்போகும் அம்மாமாரில் பலர் தடாகத்தில் முதன்முதலாகக் கால் வைப்பவர்கள். ஒரு முழு மணி நேரம் இதற்கே ஒதுக்கியிருக்க வேண்டும்.

யாரை நீரில் இறக்கக்கூடாது என்ற பட்டியல் தெளிவாக இருந்தது: காய்ச்சல், வயிற்றோட்டம், ஆறாத புண், கட்டுப்படாத வலிப்பு, கட்டுப்படாத இதய நோய். சீனி வருத்தக்காரரின் பாதத்தைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். உணர்ச்சி குறைந்த பாதம் தடாகத்தின் சொரசொரப்பான தரையில் உரசுவது அவருக்கே தெரியாது. நீர்க்காலணி கட்டாயம், வெளியே வந்ததும் விரலிடுக்கை ஒருவர் பார்க்க வேண்டும். வெளியேறும் நேரத்தைப் பற்றிய பாடம் நன்று. 1.2 மீற்றர் ஆழத்தில் பாதத்தின் மேல் நீரின் அழுத்தம் ஏறக்குறைய 88 மில்லிமீற்றர் பாதரசம். காலின் வீக்கம் வடிவது இதனால்தான். படியேறி வெளியே வந்த கணம் அந்த அழுத்தம் இல்லாமல் போகிறது, இரத்தம் காலுக்கு இறங்குகிறது, தலை சுற்றுகிறது. பிறஷர் குளிசை போடுபவரை ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, மேலே வந்ததும் கதிரையில் இரண்டு நிமிடம் இருத்த வேண்டும். நீரில் நின்றால் சிறுநீர் அதிகமாகப் பிரியும் என்பதால் இறங்கும் முன் கழிவறை, ஏறிய பின் குடிக்கத் தண்ணீர்.

தடாகத்தின் வாசனையையும் கவனியுங்கள். குளோரின் நெடி மூக்கைத் துளைத்தால் தண்ணீர் சுத்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கூடிப் பிறக்கும் குளோரமின் தரும் நெடி அது. நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே மூக்கை வைத்து ஆழமாக மூச்சிழுக்கும் பயிற்சிக்கு அதைவிடக் கெட்டது இல்லை. இங்கே திறந்தவெளி என்பதால் அந்தக் குறை இருக்கவில்லை. இறங்கும் முன் எல்லாரும் குளிக்க வேண்டும் என்று கண்டிப்பாக நின்றார்கள். திறந்தவெளிக்கு உரிய தொல்லை மின்னல். ஒக்டோபர், நவம்பரில் கொழும்புப் பிற்பகலை நம்ப முடியாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை நீரில் இறங்கக்கூடாது. அந்த மாதங்களில் காலை வகுப்பே தகும்.

உடை விடயத்தில் பெண்களுக்கு மதிப்புக் கொடுத்தார்கள். முழுக்கை நீச்சல் மேற்சட்டை, கணுக்கால் வரையான இறுக்கமான நைலோன் காற்சட்டை எல்லாம் ஏற்கப்பட்டன. தளர்ந்த பருத்திச் சட்டை வேண்டாம் என்றதற்குக் காரணம் இருக்கிறது: காற்றுப் புகுந்து பந்துபோல் மேலே கிளம்பும், நனைந்தபின் கையை இழுக்கும், வெளியே வந்தால் குளிர் ஏற்றும். தலைக்கு எண்ணெய் வைத்தால் தொப்பி கட்டாயம். தொட்டுத் திருத்தும் முன் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டார்கள். ஐச்சி பிறந்த கதையும் இதையொட்டியதுதான். ஹரோல்ட் டல் கலிபோர்னியாவில் 1980இல் தொடங்கிய வாட்சு என்ற நீர்ச் சிகிச்சையில் ஒருவரை மற்றவர் கைகளில் ஏந்தி நீரில் மிதக்க விடுவார். அப்படி அந்நியர் கையில் சாய்வது ஜப்பானியருக்குக் கூச்சமாக இருக்கவே, தனித்து நின்று செய்யும் ஒரு முன்பயிற்சியாகக் கொன்னோ ஐச்சியை வகுத்தார். எம்மவருக்கும் அது பொருந்துகிறது.

பலன் பற்றிப் பேசும்போது வாக்குறுதி அளவு மீறியது ஒன்றிரண்டு இடத்தில். 2012இல் ஸ்பெயினிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், பல்லிழைய வன்மை (மல்டிப்பிள் ஸ்கிளெரோசிஸ்) என்ற நரம்பு நோயுள்ள 73 பேரில் ஐச்சி செய்த குழுவுக்கு வலி குறைந்தது. அதைச் சொல்லலாம். "எந்த நரம்பு நோயும் மாறும்" என்று சொல்ல அதில் இடமில்லை. இரண்டு நாள் சான்றிதழோடு வகுப்பு நடத்தலாம். வலிக்குக் காரணம் கண்டு சிகிச்சை தீர்மானிப்பது இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற வைத்தியரதும் இயன்மருத்துவரதும் வேலை. இந்த எல்லையைச் சான்றிதழிலேயே அச்சிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மொழிதான் மனதை உறுத்துகிறது. விளக்கம் ஆங்கிலத்தில், இடையிடையே சிங்களத்தில். பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் தமிழில் வகுப்பு எடுக்கப்போகிறவர்கள். ஐச்சியில் சொல்தான் கருவி. ஒரு சொல் பிழைத்தால் பத்துப் பேரின் மூச்சு பிழைக்கும். "மூச்சை இழுங்கோ" என்றால் எம் முதியவர்கள் தோளைத் தூக்கி நெஞ்சை முன்தள்ளுவார்கள், ஆஸ்பத்திரியில் வைத்தியர் குழாய் வைத்துக் கேட்கும்போது செய்வது போல. "மூச்சு வரட்டும்" என்றால் விலா தானாக விரிகிறது. "மூச்சை விடுங்கோ" என்பதற்கும் பலர் ஒரே ஊதாக ஊதி முடித்துவிடுவார்கள். "சூடான தேத்தண்ணியை ஆற்றுற மாதிரி" என்றால் உதடு குவிந்து மூச்சு நீள்கிறது. ஆறாவது அசைவின் ஆங்கிலப் பெயருக்கு ஆற்றுதல் என்ற நம் சொல் அப்படியே பொருந்துவதும் ஒரு வசதி. அசைவுகளுக்கு மிதத்தல், உயர்த்தல், அணைத்தல், மடித்தல், ஆற்றுதல், சேர்த்தல், விடுதல் என்று எளிய பெயர் வைத்தால் அம்மாமார் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

அடுத்த தொகுதிக்கு முன் நடத்துநர்கள் ஒரு பக்கம் தமிழில் அச்சிட்டு, நனையாதபடி பிளாஸ்டிக் உறையிட்டுத் தடாகக் கரையில் மாட்டினால் போதும். பெரிய எழுத்தில் நான்கு வரி: முழங்கால் இளகட்டும். மூக்கால் மூச்சு வரட்டும், உள்ளங்கை மேலே. வாயால் மெல்லப் போகட்டும், உள்ளங்கை கீழே. குளிர்ந்தால் நட.